பிங் போட்டால் மறைந்துவிடும் கோளாறு: சர்வருக்கும் ரவுட்டருக்கும் இடையில் நடப்பது என்ன?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகம். அங்கே ஒரு லினக்ஸ் சர்வர், அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். முதல் கார்டின் முகவரி 10.20.1.10, அது 10.20.1.1 என்ற ரவுட்டர் வழியாக இணையத்துக்குப் போகிறது. இரண்டாம் கார்டின் முகவரி 10.30.1.10, அது 10.30.1.1 என்ற ரவுட்டர் வழியாக, லீஸ்டு லைனில் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்பில்), புதுச்சேரி சேதராப்பட்டில் உள்ள கிடங்கின் 10.40.1.0 நெட்வொர்க்கை அடைகிறது. கார்டுகள் இரண்டு, ரவுட்டர்கள் இரண்டு, நடுவில் ஒரே ஒரு ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி). சரக்கு இருப்பு மென்பொருள் கால் மணிக்கு ஒருமுறை இருப்புக் கணக்கைக் கிடங்குக்கு அனுப்புகிறது. லைசென்ஸ் காரணமாக அந்த மென்பொருள் 10.20.1.10 என்ற முகவரியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது.

மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும், சில நாள்களில் கிடங்கு இணைப்பு மட்டும் செத்துவிடுகிறது. மென்பொருள் ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ (போய்ச் சேர வழி இல்லை) என்கிறது. சர்வரை மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடுகிறது. சர்வீஸ் ஆள் வந்து ரவுட்டருக்குப் பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சோதனைச் செய்தி) போட்டுப் பார்த்தால் பதில் ஒழுங்காக வருகிறது. ‘எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். லைன் கொடுத்தவர்கள் சர்வரைக் கை காட்டுகிறார்கள், சர்வர் விற்றவர்கள் ரவுட்டரைக் கை காட்டுகிறார்கள். கார்டை மாற்றலாமா, ரவுட்டரின் மேக் முகவரியை (நெட்வொர்க் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடையாள எண்ணை) சர்வரில் நிரந்தரமாகப் பதிந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கார்டை மாற்ற வேண்டாம். நிரந்தரப் பதிவும் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் எனக்கு விடை கிடைத்தது: ‘கிடங்கிலிருந்து யாராவது சர்வரின் பக்கத்தைத் திறந்தாலும் சில சமயம் தானாகச் சரியாகிவிடுகிறது.’ மறுதொடக்கம், பிங், கிடங்கிலிருந்து வரும் அழைப்பு ஆகிய மூன்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. மூன்றிலும் சர்வர் ரவுட்டரின் மேக் முகவரியைச் சரியான வழியில் தெரிந்துகொள்கிறது. மென்பொருள் தானாக அனுப்பும்போது மட்டும் தவறான வழியில் கேட்கிறது, ரவுட்டர் வாயைத் திறப்பதில்லை. டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் நோயாளியைப் போல, சோதனை செய்தவுடன் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்கிறது. ஆகவே முதல் விதி: அடுத்த முறை இணைப்பு செத்தால் ரவுட்டருக்குப் பிங் போடாதீர்கள்.

ஏஆர்பி என்ற முகவரித் தீர்வு முறை 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதிய ஆர்எஃப்சி 826 என்ற இணைய விதி ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. அடிப்படை எளிமையானது. ஒரே ஈதர்நெட்டில் (கேபிள் வழி உள்வலையில்) இருக்கும் இன்னொரு கருவிக்குப் பாக்கெட் (தரவுத் துண்டு) அனுப்ப அதன் மேக் முகவரி தேவை. அது தெரியாவிட்டால், ‘10.30.1.1 யார்? எனக்குச் சொல்லுங்கள்’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வி போகிறது. உரியவர் மட்டும் தனியாகப் பதில் சொல்கிறார். பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: கேள்விக்குள்ளேயே கேட்பவரின் ஐபி முகவரியும் மேக் முகவரியும் எழுதப்பட்டிருக்கின்றன. கேள்வியைப் பெறுபவர் முதலில் அந்த அறிமுகத்தைப் படித்து, எந்த ஐபிக்கு எந்த மேக் என்று குறித்து வைக்கும் தன் அட்டவணையைத் திருத்திக்கொள்கிறார். எனவே கேள்வி யார் பெயரில் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

லினக்ஸ் இங்கேதான் ஒரு விசித்திரம் செய்கிறது. ஐபி முகவரி கார்டுக்குச் சொந்தமானதல்ல, இயந்திரம் முழுமைக்கும் சொந்தமானது என்பது அதன் கொள்கை. அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டின் மூல முகவரி அந்த இயந்திரத்துடையதாக இருந்தால், ஏஆர்பி கேள்வியிலும் அதையே கேட்பவரின் முகவரியாகப் போட்டுவிடுகிறது. உங்கள் மென்பொருள் 10.20.1.10 என்ற முகவரியிலிருந்து அனுப்புகிறது. எந்த இலக்குக்கு எந்த வழி என்று சொல்லும் ரவுட்டிங் அட்டவணைப்படி அந்தப் பாக்கெட் இரண்டாம் கார்டு வழியாக வெளியேற வேண்டும். 10.30.1.1-இன் மேக் முகவரி ஏஆர்பி அட்டவணையில் இல்லை. உடனே இரண்டாம் கார்டிலிருந்து ‘10.30.1.1 யார்? 10.20.1.10-க்குச் சொல்லுங்கள்’ என்று ஒரு கேள்வி கிளம்புகிறது. புதுச்சேரி லைன் ரவுட்டர் அதைப் பார்க்கிறது. அந்தப் பக்கத்தில் அதற்குத் தெரிந்ததெல்லாம் 10.30.1 குடும்பம்தான். 10.20.1.10 என்பவர் இந்தப் பக்கத்தில் இருக்க வழியில்லை என்று முடிவு செய்து கேள்வியை ஒதுக்கிவிடுகிறது. பல ரவுட்டர்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும், அதில் தவறும் சொல்ல முடியாது. சிஸ்கோ நிறுவன வகையாக இருந்தால் ஏஆர்பி டீபக்கை (நடப்பதை வரி வரியாகக் காட்டும் வசதியை) இயக்கிப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு நேராக ‘ராங் கேபிள்’ என்று எழுதும். தயவுசெய்து கேபிளைப் பிடுங்கி மாற்றிவிடாதீர்கள். ‘இந்த முகவரி இந்த இடைமுகத்துக்கு (ரவுட்டரின் இந்த இணைப்பு வாய்க்கு) உரியதல்ல’ என்பதுதான் அது சொல்லவருவது.

பதில் வராததால் சர்வர் நொடிக்கு ஒன்றாக மூன்று முறை கேட்கிறது. அதுவரை அட்டவணையில் அந்தப் பதிவு ‘இன்கம்ப்ளீட்’ என்று இருக்கும், பிறகு ‘ஃபெயில்டு’ ஆகும். மென்பொருளுக்கு ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்ற செய்தி போகிறது. இந்தச் செய்தியை நம்பி ரவுட்டிங் அட்டவணையைக் கலைத்துப் போட்டவர்கள் அநேகம். ரூட் ஒழுங்காகவே இருக்கிறது. அடுத்த படிக்கான மேக் முகவரிதான் கிடைக்கவில்லை.

இப்போது சர்வீஸ் ஆளின் பிங்கைப் பாருங்கள். அவர் சர்வரிலிருந்து 10.30.1.1-க்குச் சாதாரணமாகப் பிங் போடுகிறார். மூல முகவரியை அவர் குறிப்பிடாததால் லினக்ஸ் தானாக 10.30.1.10-ஐத் தேர்ந்தெடுக்கிறது. கேள்வியும் அந்தப் பெயரிலேயே போகிறது. ரவுட்டர் உடனே பதில் சொல்கிறது, அட்டவணையில் பதிவு ஏறுகிறது. அதற்குப் பிறகு மென்பொருள் அனுப்பும் பாக்கெட்டுகளும் அதே பதிவைப் பயன்படுத்திச் சுகமாகப் போய்ச் சேருகின்றன. மறுதொடக்கத்திலும் பெரும்பாலும் இதுவே நடக்கிறது: மென்பொருள் எழுவதற்கு முன்பே வேறு ஏதோ ஒரு சேவை அந்தப் பக்கம் ஒரு பாக்கெட்டைச் சரியான முகவரியில் அனுப்பிவிடுகிறது. கிடங்கிலிருந்து அழைப்பு வந்தாலோ, சர்வரைத் தேடி ரவுட்டரே ஏஆர்பி கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வியிலுள்ள அறிமுகத்தைப் படித்துச் சர்வர் கற்றுக்கொள்கிறது.

அப்படியானால் ஏன் மின்தடையின்போது மட்டும்? சாதாரண நாள்களில் அந்தப் பதிவு அழிவதே இல்லை. பழையதானால் ‘ஸ்டேல்’ என்று குறிக்கப்படும். மறுபடி பயன்பாட்டுக்கு வரும்போது சர்வர் ரவுட்டரிடம் தனியாக ஒரு முறை உறுதி செய்துகொள்ளும். அந்த உறுதிக் கேள்வியில் காத்திருக்கும் பாக்கெட் எதுவும் இல்லாததால் கார்டின் சொந்த முகவரியே போகும். ஆகவே பிரச்சினை எழாது. அட்டவணையில் பதிவுகள் 128-ஐத் தாண்டாதவரை லினக்ஸ் குப்பை கூட்டுவதும் (பழைய பதிவுகளை நீக்குவதும்) இல்லை; உங்கள் அலுவலகத்தில் அவ்வளவு கருவிகள் இருக்காது. ஆனால் கார்டுக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால், அந்தக் கார்டின் பதிவுகளை இன்றைய லினக்ஸ் கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) துடைத்துவிடும்.

உங்கள் சர்வர் யுபிஎஸ்ஸில் இருக்கிறது, ஸ்விட்ச் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மின்சாரம் நிற்கிறது. ஜெனரேட்டர் எடுக்கும் அந்த அரை நிமிடத்தில் சர்வர் விழித்திருக்கிறது, ஸ்விட்ச் தூங்கிவிடுகிறது. பதிவுகள் போய்விடுகின்றன. மின்சாரம் வந்தபின் முதலில் கிளம்புவது இருப்பு மென்பொருளின் பாக்கெட்டாக இருந்தால் இணைப்பு செத்தது. வேறொன்று முந்திக்கொண்டால் பிழைத்தது. ‘சில நாள்களில் மட்டும்’ என்பதற்கு இதுதான் காரணம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்து, கடலூர்ப் பக்கம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த அனுபவத்துக்குப் பிறகும், சர்வருக்குப் பெரிய யுபிஎஸ்ஸும் ஸ்விட்சுக்குச் சுவரில் ஒரு பிளக்கும்தான் எங்கு போனாலும் கண்ணில் படுகின்றன. கிடங்கு நிலைமை வேறு. புதுச்சேரிக்குத் தனி மின்துறை. இங்கே விளக்கு அணையும்போது அங்கே எரிந்துகொண்டிருக்கும். அதனால் அங்கிருப்பவர்களுக்கு ‘கடலூர்க்காரர்கள் ஏதோ செய்துவிட்டார்கள்’ என்றுதான் தோன்றும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், கம்பியில் பாருங்கள். கம்பியில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை இரண்டாம் கார்டின் மீது, ஏஆர்பி பாக்கெட்டுகளை மட்டும் காட்டும்படி, மேக் முகவரிகளும் தெரியும்படி ஓடவிடுங்கள். இன்னொரு திரையில் ‘ஐபி நெய்’ கட்டளையால் 10.30.1.1-இன் பதிவை நீக்குங்கள். நீக்கிய கையோடு, மூல முகவரி 10.20.1.10 என்று கட்டாயப்படுத்தி, கிடங்கில் உள்ள ஒரு கணினிக்குப் பிங் போடுங்கள்; பிங்கின் பெரிய ஐ விருப்பத்துக்குப் பின் அந்த முகவரியைக் கொடுத்தால் போதும். நான் நினைப்பது சரியானால் திரையில் இப்படி வரும்:

ரிக்வெஸ்ட் ஹூ-ஹாஸ் 10.30.1.1 டெல் 10.20.1.10, லெங்த் 28

அதே வரி நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும், பதில் வராது. பிறகு மூல முகவரியைக் குறிப்பிடாமல் ரவுட்டருக்குப் பிங் போடுங்கள். இப்போது ‘டெல் 10.30.1.10’ என்று வரும், அடுத்த வரியிலேயே பதிலும் வரும். இரண்டு பிங்குகளுக்கும் உள்ள இந்த ஒரே வேறுபாட்டைப் படம் பிடித்து, லைன் கொடுத்தவருக்கும் சர்வர் விற்றவருக்கும் அனுப்புங்கள். கை காட்டும் விளையாட்டு அதோடு முடியும். அந்த 28 என்ற எண்ணையும் கவனியுங்கள். சர்வர் தானே அனுப்பிய ஏஆர்பி 28 பைட்டுகளாகத் தெரியும். வெளியிலிருந்து வருவது, ஈதர்நெட்டின் குறைந்தபட்ச அளவுக்கு நிரப்பப்படுவதால், பொதுவாக 46 என்று தெரியும். நீளத் திரைப்பதிவில் எது நம்முடையது, எது வந்தது என்று ஒரே பார்வையில் பிரிக்க இது உதவும்.

தீர்வு இரண்டு கெர்னல் அமைப்புகள். ‘ஆர்ப் அனௌன்ஸ்’ என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 0. அதை 2 ஆக்குங்கள். அதன்பின் எந்தப் பாக்கெட் காத்திருந்தாலும், இலக்கின் நெட்வொர்க்குக்குப் பொருந்தும் முகவரியின் பெயரிலேயே கேள்வி போகும். ‘ஆர்ப் இக்னோர்’ என்பதையும் 0-விலிருந்து 1 ஆக்குங்கள். அப்போது ஒரு கார்டில் வரும் கேள்விக்கு, அந்தக் கார்டிலேயே அமைக்கப்பட்ட முகவரியாக இருந்தால் மட்டும் பதில் போகும். இரண்டையும் ‘ஆல்’ என்ற பொதுப் பிரிவில் வைத்தால் போதும். பொதுப் பிரிவு, தனிக் கார்டு ஆகிய இரண்டில் எது பெரிய எண்ணோ அதையே லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க, கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்கண்ட்ரோல் கோப்பகத்தில் தனிக் கோப்பாக எழுதி வையுங்கள்.

இரண்டாவது அமைப்பு எதற்கு என்று கேட்கலாம். இன்னொரு கோளாறு உங்கள் வலையமைப்பில் நேரம் பார்த்துக் காத்திருக்கிறது. இரண்டு கார்டுகளும் விலான் பிரிவினை (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் வசதி) இல்லாத ஒரே ஸ்விட்சில் இருப்பதால், புதுச்சேரி லைன் ரவுட்டர் ‘10.30.1.10 யார்?’ என்று கேட்கும்போது இரண்டு கார்டுகளின் காதிலும் விழுகிறது. முகவரி இயந்திரத்துக்குச் சொந்தம் என்ற கொள்கைப்படி இரண்டுமே ‘நான்தான்’ என்று சொல்லக்கூடும். ரவுட்டர் எதை எழுதிக்கொள்ளும் என்பது அந்த நேரத்து அதிர்ஷ்டம். முதல் கார்டின் மேக் பதிவாகிவிட்டால், கிடங்கின் பாக்கெட்டுகள் முதல் கார்டில் வந்து இறங்கும். ஃபயர்வால் விதிகளைக் கார்டு வாரியாக எழுதியிருந்தால் அவை சத்தமின்றித் தூக்கி எறியப்படும். சிஸ்கோ ரவுட்டர் ஒரு ஏஆர்பி பதிவை இயல்பாக 14,400 நொடிகள், அதாவது 4 மணி நேரம் வைத்திருக்கும். காலையில் கெட்டது மதியம் வரை கெட்டே இருக்கும். திரும்பும் பாதையைக் கண்டிப்பாகச் சரிபார்க்கும் அமைப்பு சர்வரில் இயங்கினால் தவறான கார்டின் பதில் தடுக்கப்பட்டுவிடும். ஆனால் அதன் இயல்பு மதிப்பு லினக்ஸ் வகைக்கு வகை மாறுகிறது. நம்பி உட்கார வேண்டாம்.

இந்த இரண்டாவது அமைப்பை மாற்றுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. புதுச்சேரி லைன் ரவுட்டரில் 10.20.1.10-க்கான ரூட் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த படி 10.30.1.10 என்று முகவரியாகக் கொடுத்திருந்தால் நல்லது. வெறும் இடைமுகத்தின் பெயரை மட்டும் கொடுத்திருந்தால், ரவுட்டர் அந்தக் கம்பியில் 10.20.1.10-ஐயே தேடும், இதுவரை சர்வர் பெருந்தன்மையோடு பதில் சொல்லிவந்தது, புதிய அமைப்புக்குப் பின் சொல்லாது. கிடங்கிலிருந்து வருகிற அழைப்புகள் நின்றுவிடும். ரூட்டைத் திருத்திவிட்டு அமைப்பை மாற்றுங்கள், வரிசை மாற வேண்டாம்.

ஸ்விட்சில் விலான் வசதி இருந்தால் இரண்டு பக்கத்தையும் பிரித்துவிடுவதே என் விருப்பம். இரண்டு நெட்வொர்க்குகளை ஒரே கம்பியில் கலந்துவிட்டு, பிறகு கெர்னலைக் கட்டிப்போடுவது எனக்குப் பிடித்த வேலை அல்ல. ஆனால் விலான் பிரித்தாலும் முதல் கோளாறு தீராது என்பதை நினைவில் வையுங்கள். தவறான பெயரில் கேட்பது சர்வருக்குள்ளேயே நடக்கிறது. அதற்கு ‘ஆர்ப் அனௌன்ஸ்’ வேண்டும். ரூட்டில் மூல முகவரியை எழுதி வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உங்கள் மென்பொருள் முகவரியைத் தானே பிணைத்துக்கொள்வதால் அது பயன்படாது. ஸ்விட்சை யுபிஎஸ்ஸில் சேர்த்தால் கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் போகும், குணமாகாது. சேர்ப்பது நல்லதுதான், ஆனால் கெர்னல் அமைப்பை மாற்றிச் சோதித்த பிறகு சேருங்கள்.

நிரந்தர மேக் பதிவு ஏன் வேண்டாம் என்றேன்? இன்று அது வேலை செய்யும், சந்தேகமில்லை. லைன் கொடுத்தவர் ஒருநாள் ரவுட்டரை மாற்றுவார். மழைக்காலத்து இடியில் கருகினால் உங்களிடம் சொல்லாமல்கூட மாற்றுவார். புதிய ரவுட்டருக்கு அதே ஐபி, வேறு மேக். சர்வர் செத்துப்போன மேக் முகவரிக்கே பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும், இந்த முறை மறுதொடக்கமும் கைகொடுக்காது. அப்போது நீங்கள் விடுப்பில் இருப்பீர்கள்.

கம்பியில் பார்த்தது நான் சொன்னபடி இல்லாவிட்டால்? கேள்வி சரியான பெயரில் போயும் பதில் இல்லை என்றால், அதே திரைப்பதிவை ரவுட்டர் பக்கத்திலும் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே கேள்வி வரவே இல்லை என்றால் ஸ்விட்ச், விலான், கேபிள். கடலோரத்து உப்புக் காற்றில் பச்சை பூத்த கனெக்டர்களையும் சந்தேகப்படலாம், ஆனால் அது எல்லாப் போக்குவரத்தையும் கெடுக்கும், ஏஆர்பியை மட்டும் குறிவைக்காது. 10.30.1.1-க்கு நேராக முதல் ரவுட்டரின் மேக் பதிவாகியிருந்தால், அந்த ரவுட்டர் ப்ராக்ஸி ஏஆர்பி மூலம் மற்றவருக்காகப் பதில் சொல்கிறது என்று பொருள். சிஸ்கோவில் அது இயல்பாகவே இயங்கும், அந்த இடைமுகத்தில் நிறுத்திவிடச் சொல்லுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு வெவ்வேறு மேக்குகளிலிருந்து பதில் வந்தால், யாரோ ஒரு பிரிண்டருக்கோ கேமராவுக்கோ அதே ஐபியைக் கொடுத்திருக்கிறார்கள். ஏஆர்பி கேள்விகளை அனுப்பிப் பார்க்கும் ஆர்பிங் கருவியின் இரட்டை முகவரிச் சோதனை அதை ஒரு நொடியில் காட்டும். கார்டு மாற்றியபின் ரவுட்டர் பழைய மேக்கையே பிடித்துக்கொண்டிருந்தால், 4 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. அதே ஆர்பிங்கால் கேட்காமலே ஓர் அறிவிப்பை அனுப்பினால் பெரும்பாலான ரவுட்டர்கள் திருத்திக்கொள்ளும். கெர்னல் பதிவேட்டில் ‘நெய்பர் டேபிள் ஓவர்ஃப்ளோ’ என்று கண்டால் அது முற்றிலும் வேறு கதை. அட்டவணையின் இயல்பான உச்சவரம்பு 1024 பதிவுகள். இரண்டு ரவுட்டர்கள் உள்ள ஒரு சர்வருக்கு அது நிரம்புகிறது என்றால், யாரோ நெட்மாஸ்க்கை (உள்வலையின் அளவைக் குறிக்கும் எண்ணை) தவறாகப் போட்டிருக்கிறார்கள் அல்லது ரூட்டில் அடுத்த படியின் முகவரியை எழுத மறந்திருக்கிறார்கள்.

அமைப்பை மாற்றியபின் சோதனை இப்படி: டிசிபிடம்ப் ஓடட்டும். இரண்டாம் கார்டின் கேபிளைப் பிடுங்கி, பத்து நொடி கழித்துச் செருகுங்கள். யாரும் பிங் போட வேண்டாம். கிடங்கில் யாரும் எதையும் திறக்க வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மென்பொருளின் அடுத்த கால் மணி நேரச் சுற்றுக்காகக் காத்திருங்கள். ‘டெல் 10.30.1.10’ என்று ஒரே ஒரு கேள்வியும் உடனடியாக ஒரு பதிலும் வந்தால் முடிந்தது. ஸ்விட்சின் பிளக்கைச் சுவரிலிருந்து யுபிஎஸ்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்னமும் ‘டெல் 10.20.1.10’ என்றே வந்தால், அமைப்பு வேறு கோப்பால் மேலெழுதப்பட்டிருக்கிறது. சிஸ்கண்ட்ரோல் கோப்பகத்தில் அகர வரிசையில் பின்னால் வரும் கோப்பே வெல்லும் என்பதால் உங்கள் கோப்பின் பெயரை 99 என்று தொடங்குங்கள்.